நல்லர்பார் வழியாக வரும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

ஜூலை லீவுக்குப் பெர்த்திலிருந்து அடிலெய்டுக்குக் காரிலேயே வருகிறோம், வழியில் டென்ட் அடித்துத் தங்கப்போகிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், கூட இரண்டு சின்னப் பிள்ளைகள். "பிளேன் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்" என்று என்னைப் பிடுங்குகிறாள். அவளுக்கு வழியில் வரும் அந்த நல்லர்பார் சமவெளி என்றாலே, 2001 ஜூலையில் நாம் இங்கிருந்து மேற்கே போன பயணம்தான் நினைவு. எனக்கும்தான். போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்பாள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வண்டி விஷயம். நார்ஸ்மன் தாண்டினால் செடூனா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்குப் பெரிய ஊர் எதுவும் கிடையாது. நடுநடுவே ரோட்ஹவுஸ்தான், பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் சாலையோரக் கடை. பெரும்பாலான தூரத்துக்கு போன் சிக்னலும் இருக்காது. பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. அதில் தூக்கம்தான் எதிரி. நீயும் மருமகளும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கிழக்கே வருவதால் காலை வெயில் கண்ணில் அடிக்கும். சாவகாசமாக இட்லியோ பிரெட்டோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு, சூரியன் இறங்குவதற்குள் டென்ட் அடித்துவிடு. இருட்டில் ஓட்டாதே. கங்காருவுக்கு ஹார்ன் ஒரு பொருட்டே இல்லை.

சாலையில் சில இடங்களில் வெள்ளைக் கோடுகள் பட்டை பட்டையாகப் போட்டிருக்கும். பறக்கும் டாக்டர்களின் விமானம் அவசரத்துக்கு இறங்குவதற்கான ஓடுதளம் அது. உன் தங்கச்சி பாப்பா அன்றைக்கு அதைப் பார்த்து, "இங்கே யார்ப்பா ரோட்டைக் கிராஸ் பண்ணுவார்கள்?" என்று கேட்டாள். பேரனும் கேட்பான், பதில் சொல்லத் தயாராக இரு.

ஹெட் ஆஃப் பைட் கடலோரத்தில் அரை நாளாவது நில். மே முதல் அக்டோபர் வரை திமிங்கலங்கள் குட்டி போட அங்கே வரும், ஜூலை என்றால் நல்ல நேரம். நான் தூத்துக்குடிக்காரன், கடலைப் பார்த்தே வளர்ந்தவன், ஆனால் அன்றைக்குப் பார்த்தது மாதிரி அதுவரை பார்த்ததில்லை. பாறை என்று நினைத்துக்கொண்டிருந்தது மூச்சு விட்டது. முதுகில் துடுப்பு இல்லை, தலையில் வெள்ளை வெள்ளையாகச் சொரசொரப்பு, பக்கத்தில் குட்டி. குட்டி என்றால் அதுவே நம் காரைவிட நீளம். அது தாயின் முதுகில் ஏறி வழுக்கி இறங்கும், மறுபடி ஏறும். தாய் அசையாமல் கிடந்தது. அந்த மாதங்களில் தாய் ஏறக்குறைய பட்டினி, உடம்புக் கொழுப்பை வைத்துத்தான் பால் கொடுக்கும் என்று அங்கிருந்த பலகையில் நீதான் படித்துச் சொன்னாய். உன் அம்மா உடனே உன்னையும் பாப்பாவையும் பார்த்து, "கேட்டுக்கோங்க" என்றாள்.

அங்கிருந்து மேற்கே போனால் பண்டா செங்குத்துப் பாறைகள். சமவெளி அப்படியே கத்தியால் வெட்டியது மாதிரி முடிந்து, கீழே வெகு ஆழத்தில் கடல். மேலே பழுப்பு, அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். ஓரத்துக்குப் போகவிடாதே. அடியில் அலை அரித்திருக்கும், மேலே நிற்பவருக்குத் தெரியாது. சின்னவள் கையை விடவே விடாதே.

அதற்குப் பக்கத்தில்தான் அன்றைக்கு நாம் டென்ட் அடித்தோம். அந்த ராத்திரியைப் பற்றித்தான் எழுத வந்தேன், இத்தனை நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சமவெளியில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்கிற மழையைச் சுண்ணாம்புக்கல் குடித்துவிடும். ரோட்ஹவுஸில் பெட்ரோல் கிடைக்கும், தண்ணீரை இலவசமாகப் பிடித்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால்தான் செடூனாவிலேயே இருபது லிட்டர் வெள்ளை கேனை நிரப்பி ஏற்றினோம். பிடித்து வைத்தது நீ. பத்து வயதில் அதைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்தாய்.

ராத்திரி டிக்கியைத் திறந்தால் கேன் காலி. தண்ணீர் முழுக்கப் போர்வையிலும் ஸ்லீப்பிங் பேக்கிலும். ஜூலைக் குளிர், காற்று வேறு டென்ட்டைப் பிய்க்கிறது. நான் கத்தின கத்து உனக்கு நினைவிருக்கும். "ஒரு குழாயை ஒழுங்காக மூடத் தெரியாதா? உன்னை நம்பினேன் பார்!" நீ ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. "மூடினேன்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய், அதையும் நான் முடிக்கவிடவில்லை. நாலு பேரும் காருக்குள்ளேயே சுருண்டு கிடந்தோம். காலையில் கேரவன் இழுத்துக்கொண்டு வந்த வயதான தம்பதி ஒன்று சூடாக டீ போட்டுக் கொடுத்து, பத்து லிட்டர் தண்ணீரும் தந்தது. நீ அந்தத் தாத்தாவிடம் தேங்க்ஸ் சொன்னாய். என்னிடம் பேசவில்லை.

மறுநாள் யூக்ளாவில் அந்தப் பழைய தந்தி நிலையத்தைப் பார்க்கப் போனோம். 1877-இல் திறந்த கட்டடம். முயல்கள் பெருகி மணல்மேட்டுச் செடிகளைத் தின்று தீர்க்க, மணல் நகர்ந்து வந்து கட்டடத்தை மூடிக்கொண்டது. ஜன்னல் மட்டத்துக்கு மணல். நீ சுவர் மேல் ஏறி உட்கார்ந்து வாட்சைத் திருப்பிக்கொண்டே, "அப்பா, இங்கே மணி என்ன?" என்றாய். தென் ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில், அந்த ஊரும் சுற்றியுள்ள சில இடங்களும் மட்டும் இரண்டு பக்கமும் முக்கால் மணி நேரம் தள்ளித் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "முக்கால் மணி குறைச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

சரி, விஷயம் இதுதான். அடிலெய்டு திரும்பி இரண்டு வாரம் கழித்து வண்டியைச் சுத்தம் செய்தபோது, டேஷ்போர்டு டப்பாவுக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் கிடந்தது. கேன் குழாயின் வாஷர். செடூனாவில் நீ தண்ணீர் பிடிப்பதற்கு முன்னால், பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது என்று குழாயைக் கழற்றிக் கழுவியது நான்தான். வாஷரை எடுத்து உள்ளே போட்டவனும் நான்தான். திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். நீ எவ்வளவு இறுக்கி மூடியிருந்தாலும் அது ஒழுகித்தான் இருக்கும்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நீ உள்ளே ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாய். அப்புறம் சொல்லலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. போன பொங்கலுக்குக்கூட அவள், "இவன் சின்ன வயதில் தண்ணியைத் திறந்துவிட்டு எங்களைக் குளிரில் போட்டானே" என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். இந்தக் கடிதத்தைப் போஸ்ட் செய்துவிட்டு வந்து அவளிடம் சொல்லப்போகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, என்னை மன்னித்துக்கொள் மக்கா.

தண்ணீரை ஒரே கேனில் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வை. நிரப்பியதும் ஒரு தடவை கவிழ்த்துப் பார்.

அப்புறம், செடூனாவில் காய்கறி, பழம் எல்லாவற்றையும் சோதித்து வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்குப் போகும்போது மாநில எல்லையில் அம்மாவின் கருவேப்பிலைக் கட்டு போனது, அந்த ஆபீசரை அவள் இன்றுவரை விடவில்லை. மீதிக் காய்களை முந்தின நாளே சமைத்துவிடச் சொல். கருவேப்பிலை கொண்டுவர வேண்டாம், இங்கே மரம் கூரையைத் தொடுகிறது.

அப்பா