ஆயாக் கொட்டகையைத் திறந்துவிடுங்கள்: தோட்ட மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கும், கோயில் கமிட்டி அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ரெங்கத்துக்கு வெளியே இருக்கும் இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பக்கத்து செம்பனை ஆலையில் வயர்மேன். ஒரே ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற, இப்போது மூடிக் கிடக்கும் ஆயாக் கொட்டகையை எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜ் போடும் இடமாக ஆக்கித் தாருங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளான எங்கள் லயத்துப் பக்கம் ஒரு நடை வந்து பாருங்கள். பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீட்டுக்கு இப்போது ஸ்கூட்டர் இருக்கிறது. ஐந்தும் முன்வாசலை அடைத்து நிற்கும். ஹாலில் இருக்கிற ஒரே பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் ஜன்னல் வழியாக வெளியே வரும். அதே ஒயரில் டிவி, காற்றாடி, சில வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டில். பின்கதவில் திருட்டுப் பயத்துக்காக கிரில் போட்டுப் பூட்டியிருக்கும். ஆக, வெளியே போக இருப்பது ஒரு வழி, அந்த வழியில்தான் பேட்டரி. எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான்.

பயம் சும்மா வரவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் அப்பாவின் வண்டிக்குப் பேட்டரி மாற்றினோம். பழையது ஈய பேட்டரி, 12 வோல்ட்டில் நான்கு, மொத்தம் 48. கடைக்காரர் அதை எடுத்துவிட்டு அதே 48 வோல்ட்டில் லித்தியம் போட்டுத் தந்தார். தூக்கவே முடியாமல் இருந்த வண்டி இறகு போல ஆனதில் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பழைய சார்ஜரை என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது ஆணியில் தொங்கியது. ஒரு நாள் ராத்திரி அம்மா கைக்கு வந்ததை எடுத்துச் செருகிவிட்டார். முனை பொருந்தியது, விளக்கும் எரிந்தது. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

இரண்டுக்கும் பெயர் 48 என்றாலும் கணக்கு வேறு. அந்த லித்தியம் பேட்டரிக்குள் செல் என்கிற சின்னச் சின்ன பேட்டரிகள், 13 வரிசையாக. ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிரம்பும், எல்லாம் சேர்ந்து 54.6. ஈய பேட்டரி சார்ஜரோ 58.8 வோல்ட் வரை ஏற்றும். நான்கு வோல்ட்தான் வித்தியாசம். உள்ளே இருக்கிற பாதுகாப்பு போர்டு அதைத் தடுத்திருக்க வேண்டும், எங்களுடையது தடுக்கவில்லை. இரண்டு மணிக்கு நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை அடித்து எழுந்தேன். பேட்டரிப் பெட்டி உப்பியிருந்தது, கை வைக்க முடியாத சூடு. சுவிட்சை அணைத்துவிட்டு அதைக் கையால் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அப்படிச் செய்திருக்கவே கூடாது. அது கையிலேயே வெடித்திருக்கலாம். வீட்டில் எல்லோரையும் எழுப்பி வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 999 அவசர எண்ணுக்கு அடித்திருக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரியில் ஒரு செல் அளவுமீறிச் சூடானால், அந்தச் சூடே அடுத்த செல்லைக் கெடுக்கும், அது அடுத்ததை. வெளியிலிருந்து காற்றை அடைத்தாலும் அது நிற்காது. அணைந்தது போலத் தெரிந்து மறுபடியும் பற்றும். தீக்கு முன்னால் புகை கொல்லும், அந்தப் புகையில் விஷவாயு உண்டு. நியூயார்க் நகரத்தில் இத்தகைய வண்டிகளின் பேட்டரித் தீயில் 2023-இல் மட்டும் 18 பேர் இறந்தார்கள். நம் பக்கத்தில் இருக்கிற சிங்கப்பூர், யு.எல். 2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று இல்லாத ஸ்கூட்டர்களை 2020 ஜூலை 1 முதல் பொதுப் பாதையில் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்காது.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனமில்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகவும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி பஸ்ஸுக்கு விடவும், ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகவும் அதுதான் கால். இதையும் சொல்லிவிடுகிறேன். ஜே.பி.ஜே. என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவான மின் மோட்டார் சைக்கிள் வேறு, நின்றுகொண்டு ஓட்டும் சின்ன ஸ்கூட்டர் வேறு. சின்னதைப் பொதுச் சாலையில் ஓட்ட 2021 டிசம்பரிலிருந்து தடை இருக்கிறது. பையன்கள் அதைத் தோட்டத்து செம்மண் பாதையைத் தாண்டி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டும்.

சரி, ஆயாக் கொட்டகைக்கு வருகிறேன். அது தனியாக நிற்கிறது, லயத்திலிருந்து நல்ல தூரம். சிமெண்டுத் தரை, மேலே காற்றுப் போக இடம். நிர்வாகம் செய்ய வேண்டியது ஒரு தனி லைன், மீட்டர், மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் டிரிப் சுவிட்ச், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி மூன்று முனை பிளக். ஒரு முழு சார்ஜுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் ஓட விடுவது போல. அந்தக் காசை நாங்களே கட்டுவோம். வீடுகள் நிர்வாகத்தின் சொத்து. அதில் ஒயரை மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை, அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்.

கோயில் கமிட்டி அண்ணன்மார்களிடம் கேட்பது வேறு. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மைக்கில் ஐந்து நிமிடம் கொடுங்கள். கொட்டகை தயாராகும் வரை வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். பேட்டரியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள். பழைய சார்ஜரை ஒயரை வெட்டி வீசுங்கள். இரண்டு முனை பிளக்கை, நடு ஓட்டையில் பேனா மூடியைக் குத்தித் திணிக்கிறோமே, அந்தப் பழக்கத்தை விடுங்கள். முனை சரியாகப் பிடிக்காமல் அங்கேயே சூடாகிக் கருகும். ஆலையில் அப்படிக் கருகிய பிளக்குகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் வாங்கினால் சிரிம் என்கிற தரச்சான்று ஸ்டிக்கர் பார்த்து வாங்குங்கள்.

மத்தியான வெயிலில் ஓட்டி வந்ததும் செருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எல்லோரும் தூங்கிய பிறகு சார்ஜ் வேண்டாம், கண் முன்னால் இருக்கும்போது போடுங்கள். வெள்ளத்தில் நனைந்தது, கீழே விழுந்து நசுங்கியது, உப்பியது எதுவானாலும் காய்ந்துவிட்டதே என்று மறுபடியும் சார்ஜ் ஏற்றாதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள், குப்பை லாரியிலேயே பற்றிக்கொள்ளும்.

ஐயா, கொட்டகைக்கு வேண்டிய வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நானும் ஆலையில் உள்ள இரண்டு பேரும் கூலி வாங்காமல் செய்து தருகிறோம். எங்கள் வயர்மேன் சான்றிதழின் நகல்களை ஆபீஸில் கொடுத்துவிட்டேன். கொட்டகையின் சாவியும் அங்கேதான், கணக்கு எழுதும் கிராணியின் மேசைக்குப் பின்னால் உள்ள பலகையில் தொங்குகிறது.

இப்படிக்கு,
மூன்றாவது லயத்துக்காரன்