லூயிஸுக்கு, உன் ஆஸ்திரேலியா ஆக்ஸன்ட் பத்தி

லூயிஸ்,

உன்கூட வளர்ந்த மத்தவங்களுக்கெல்லாம் ஆள் இருக்குப்பா. உங்க ஆறு பேர வச்சு வர்ஜீனியா வுல்ஃப் எழுதின ‘தி வேவ்ஸ்’ நாவல படிச்சவங்கள்ல பாதி பேர் பெர்னார்டு கட்சி, மீதி பேர் ரோடாவ நெனச்சு உருகுவாங்க, ஜின்னிக்கும் சூசனுக்கும் நெவிலுக்கும் கூட யாராவது வக்காலத்து வாங்குவாங்க, நீ மட்டும் வறட்டு ஆளு, திமிரு புடிச்சவன், எப்ப பாரு ஆபீசு கப்பலு கையெழுத்துன்னு ஒதுக்கிடறாங்க. எனக்கு மொத தடவ படிக்கும்போதே நீதான் மனசுல ஒட்டிக்கிட்ட.

அதுக்கு காரணம் அந்த லத்தீன் கிளாஸ். பாடம் உனக்கு மத்தவங்கள விட நல்லாவே தெரியும், ஆனா வாய தொறக்க மாட்ட, பெர்னார்டு மொதல்ல சொல்லட்டும், அவன் இங்கிலீஷ்காரன், அவன பாத்து அதே மாதிரி சொல்லிக்கலாம்னு காத்துட்டு இருப்ப. ஏன்னா அப்பா பிரிஸ்பேன்ல பேங்கர், உன் பேச்சுல ஆஸ்திரேலியா வாடை அடிக்கும். (தமிழ் மீடியத்துல படிச்சுட்டு இங்கிலீஷ் மீடியம் காலேஜுக்கு போன யாருக்கும் இத நான் விளக்க வேண்டியதே இல்ல.) பெரியவனாகி லண்டன் சாப்பாட்டுக் கடைல சாஸ் பாட்டில் மேல கவிதை புக்க சாய்ச்சு வச்சுகிட்டு உக்காந்திருக்கப்பவும் அதே கததான், பக்கத்து டேபிள் ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பாத்து அதையே பண்ணற, நானும் சராசரி இங்கிலீஷ்காரன், சராசரி கிளார்க்குனு உனக்கு நீயே சொல்லிக்கற.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, புக்கு முழுக்க தேடிட்டேன், உன் ஆக்ஸன்ட் ஒரு எடத்துல கூட எனக்கு கேக்கல. 1931ல வர்ஜீனியா வுல்ஃப் இத எழுதினப்ப ஆறு பேருக்கும் ஒரே பாஷைய குடுத்துட்டாங்க, பேரு, சொன்னான், சொன்னாள், அப்புறம் அவங்கவங்க மனசுல ஓடறது, அவ்ளோதான். பால்வாடி வயசு பிள்ளைங்க கூட பெரியவங்க மாதிரி கவிதையா பேசுதுங்க. மொத பக்கத்துல மத்தவங்க வளையம், மஞ்சப் பட்டை, குஞ்சம்னு எதையாவது பாக்கறாங்க, ரோடாவுக்கு குருவி சத்தம் கேக்குது, உனக்கு மட்டும் சங்கிலி போட்ட ஏதோ ஒரு பெரிய மிருகம் கால உதைக்கிற சத்தம். நீ யாருன்னு எனக்கு தெரிஞ்சது இதுலதான், உச்சரிப்புல இல்ல. நீ பயந்து பயந்து மறைச்ச விஷயம் வாசகனுக்கு எட்டவே இல்லங்கறது உனக்கு செஞ்ச கருணையா, இல்ல உன் பிரிஸ்பேன அழிச்சதான்னு இன்னும் என்னால முடிவு பண்ண முடியல. ரெண்டாவதுதான்னு இன்னைக்கு தோணுது.

ஏன்னா அந்த சத்தம் ஒண்ணும் சும்மா இல்ல. வேலிக்குப் பின்னாடி தனியா நின்னு, என் வேர் பூமிக்கு அடில போகுது, நைல் நதிக்கு செகப்பு குடம் எடுத்துட்டு பொம்பளைங்க போறாங்கன்னு நீ வேற உலகத்துல இருப்ப, ஜின்னி ஓடி வந்து முத்தம் குடுத்ததும் எல்லாம் சிதறிடும். அத சூசன் பாத்துட்டு காட்டுக்குள்ள அழுதுகிட்டே ஓடறா, அவள சமாதானப்படுத்த பெர்னார்டு பின்னாடியே போறான், போய் ஒரு கத கெடைச்சுது அவனுக்கு. உனக்கு என்ன கெடைச்சுது?

நல்லா படிச்ச உனக்கு யூனிவர்சிட்டி கூட கெடைக்கல, பெர்னார்டும் நெவிலும் போனாங்க, நீ ஆபீசுக்கு. உங்க எல்லாருக்கும் ஃபிரெண்டான பெர்சிவல் இந்தியாவுக்கு வந்தான். எங்க ஊர் ரோட்டுல சாஞ்சு நின்ன மாட்டுவண்டிய நாலு கெட்ட வார்த்த பேசி அஞ்சே நிமிஷத்துல அவன் நிமித்தறதா பெர்னார்டு கற்பனை பண்றான் பாரு, அந்த எடத்துல கிண்டல் இருக்குன்னு தெரிஞ்சாலும் சிரிப்பு ஒரு மாதிரிதான் வந்துச்சு. அப்புறம் அந்த பெர்சிவல் குதிரைல இருந்து விழுந்து செத்தும் போறான். சின்ன வயசுல செத்துப்போன தன் அண்ணன் தோபிய மனசுல வச்சுதான் வுல்ஃப் பெர்சிவல எழுதினாங்கன்னு சொல்வாங்க. இருக்கட்டும். பெர்சிவல் ஒரு வார்த்த பேசாமலே எல்லார் மனசுலயும் ஒக்காந்துட்டான், நீ அவ்ளோ பேசியும் ஒக்காரல.

இதுல பெரிய கொடும கடைசி பகுதிதான். அங்க பெர்னார்டு மட்டும்தான் பேசறான், சாப்பாட்டு டேபிள்ல யாரோ ஒருத்தர்கிட்ட ஆறு பேர் கதையையும் அவனே சொல்லி முடிக்கிறான், நான் யாரு, நான்தான் லூயிஸா ரோடாவா, தெரியலன்னு வேற சொல்றான். அழகான பகுதி, ஒத்துக்கறேன், ஆனா உன் பக்கத்துல இருந்து படிச்சா கடுப்பாகுது. சின்னதுல அவன காப்பியடிக்க காத்துட்டு இருந்த பையன், கடைசில அவன் வாயில போயி முடியறான்.

ரோடா தற்கொல பண்ணிகிட்டத கூட அவன்தான் சொல்றான். உன் ரூமுக்கு வந்து போனவ, உன்ன விட்டுட்டு போனவ, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைல எல்லாரும் நடந்து போனப்ப உன்கூட சதிகாரங்க மாதிரி தனியா ஒதுங்கி நின்னவ. அவ செத்தத பத்தி நீ ஒரு வரி பேசறதுக்கு அந்த புக்குல எடம் இல்ல. உனக்கு யாரு வந்து சொன்னா லூயிஸ்? அப்ப நீ எந்த ஊர் பேச்சுல அழுத?