ஏலக் கூடத்தைச் சங்கத்திடம் கொடுத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் போதுமா என்று வாசகர்கள் எழுதுவதைப் படிக்கிறேன். போதாதுதான். ஆனால் மீதிப் பத்து மாதமும் பிடித்து வருகிற மீனுக்கு யார் விலை வைக்கிறார்கள்? அதை யாரும் எழுதக் காணோம்.

நான் காசிமேட்டில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற விசைப்படகு கிளம்ப வேண்டுமென்றால் டீசல், ஐஸ், அரிசி பருப்பு, ஆட்களுக்கு முன்பணம் என்று லட்சக்கணக்கில் ஆகும். அதைப் பெரும்பாலும் கமிஷன் ஏஜென்ட்தான் கொடுப்பார். எங்கள் ஐஸ் பில்லையே பல நேரம் அவர்தான் அடைப்பார். அதனால் படகு கரைக்கு வந்ததும் மீன் அவர் கைக்குத்தான் போக வேண்டும். விடியற்காலை ஏலத்தில் சங்கரா என்ன விலைக்குப் போனாலும் முதலில் கமிஷன் கழியும். கடன் அப்படியே நிற்கும். என் பேரேட்டில் சில படகுகளின் பாக்கி அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறியதே தவிர, தீர்ந்ததில்லை.

என் அக்கா மகன் சொகுசுக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான். கரீபியன் கடலோரத்தில் இருக்கும் பெலிஸ் நாட்டில் அந்தக் கப்பல் நிற்கும். அங்கே சிங்கி இறால் பிடிப்பவர்களுக்குச் சங்கத்திலிருந்து இரண்டாவது தடவையும் பணம் வருமாம் மாமா என்றான். கணக்குப்பிள்ளைக்கு இது போதாதா, தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் அங்கேயும் வெளிநாட்டு ஏற்றுமதிக் கம்பெனிகள் வைத்ததுதான் விலை. 1960-ல் வடக்குப் பகுதி மீனவர்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பதப்படுத்துவதும் ஏற்றுமதியும் சங்கத்தின் கைக்கு வந்தன. இறாலைக் கொடுக்கும்போது ஒரு தொகை, விற்ற லாபத்தைக் கணக்குப் பார்த்த பிறகு அவரவர் கொடுத்த எடைக்கு ஏற்ப இன்னொரு தொகை.

இப்படிப் பங்கு இருக்கிறவனுக்கு அடுத்த வருஷ இறாலைப் பற்றியும் கவலை இருக்கும். 2016 முதல் பெலிஸ் கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, யார் எங்கே பிடிக்கலாம் என்று உரிமத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவை மடி வலைக்கு 2010-லேயே தடை போட்டுவிட்டார்கள். (இதைக் காசிமேட்டில் சத்தமாகச் சொன்னால் எனக்கு அடி விழும். என் சம்பளமே இழுவைப் படகுகளால் வந்ததுதான். பெலிஸில் அந்தப் படகுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தன, அதனால் சுலபமாக முடிந்தது.)

அதே கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவின் சூஃப்ரியர் ஊரில் மீனவர்களும் ஹோட்டல்காரர்களும் உட்கார்ந்து பேசி, 1995-ல் கடலைப் பிரித்துக்கொண்டார்கள். மீன்பிடித் தளங்களில் 35 சதவீதத்தை மூடினார்கள். ஐந்தே வருஷத்தில் பக்கத்துத் தளங்களில், மீன் பிடிக்கும் கூண்டின் அளவைப் பொறுத்து, 46 முதல் 90 சதவீதம் வரை கூடுதலாக மீன் கிடைத்ததாக ஆய்வு சொல்கிறது. இங்கேயோ எண்ணூரில் துறைமுகம் வந்தது, கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் சாம்பல் படிந்தது, 2023 டிசம்பரில் எண்ணெய் மிதந்தது. மீனவரைக் கூப்பிட்டதெல்லாம் நிவாரணப் பட்டியலில் பேர் எழுதத்தான்.

நம்மிடம் சங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். ஊருக்கு ஊர் இருக்கிறது. நிவாரணம், மானியம் என்றால் அங்கே கூட்டம் வரும், ஆனால் அது மீன் விற்பதில்லை. கன்னியாகுமரிப் பக்கம் சங்கமே கரையில் ஏலம் விடுகிற ஊர்கள் உண்டு. அவை பெரும்பாலும் சிறு படகுகள், முதலீடு குறைவு. காசிமேட்டுக் கணக்கு பெரிது என்பது நியாயமான தயக்கம்தான்.

அதனால் முதலில் செலவு குறைந்த சிறிய பைபர் படகுகளிலிருந்து ஆரம்பிக்கலாம். அடுத்த ஜூன் 15-க்குள், தடை முடிந்து விசைப்படகுகள் இறங்குவதற்கு முன்னால், ஒரே ஒரு ஏலக் கூடத்தைச் சங்கத்திடம் கொடுக்க மீன்வளத் துறை முன்வர வேண்டும். கூடையில் வாங்கித் தெருவில் விற்கும் பெண்களும் அதில் உறுப்பினராக வேண்டும். கூடவே முன்பணத்துக்குக் கூட்டுறவு வங்கியின் சுழல்கடனும் வேண்டும். வெறும் கூடத்தை மட்டும் கொடுத்தால் பழைய பாக்கி மீனைப் பழைய ஏஜென்டிடமே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனி முன்னாள் கணக்காளர்,
காசிமேடு, சென்னை