அந்தத் தலைக்கு வெலைய மட்டும் சொல்லிட்டு விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கடைசிப் பக்கத்துல ஒரு தலை ஓவியம் போட்டிருந்தீங்க, அமெரிக்க ஓவியர் ழான் மிஷேல் பாஸ்கியா வரஞ்சது. ரெண்டு விரல் அகலத்துல, அதுவும் கருப்பு வெள்ளையில. கீழ "சின்னப் புள்ள கிறுக்குன மாதிரி இருக்கு, வெலை 700 கோடி, தலை சுத்துதா?"ன்னு ஒரே ஒரு வரி. படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நான் தேவிபட்டினம் பக்கம் ஒரு ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். திங்கக்கிழமை எட்டாங்கிளாசுக்குள்ள நுழையும்போதே பசங்க அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் கையில வச்சிருக்காங்க, "சார் நாங்க இப்பிடி வரஞ்சா அழிச்சிட்டு ஒழுங்கா வரைன்னு சொல்றீங்க, இவருக்கு மட்டும் 700 கோடியா"ன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி. ஆனா நீங்க போட்டத வச்சு அதுக்குப் பதில் சொல்ல முடியாது, ஏன்னா அதுல ஓவியத்தப் பத்தி ஒண்ணுமே இல்ல, வெலை மட்டும்தான் இருக்கு, அந்த வெலைக் கதையும் பாதிதான். 1982ல அவர் அத வரையும்போது வயசு 21. 1984ல ஒருத்தங்க 19,000 டாலருக்கு ஏலத்துல வாங்குனாங்க. 1988ல 27 வயசுல அவர் செத்தே போயிட்டார். 2017 மே மாசம் நியூயார்க் ஏலத்துல 11 கோடியே 5 லட்சம் டாலருக்குப் போச்சு, அதுதான் உங்க 700 கோடி. அதுல வரஞ்ச மனுசனுக்கு ஒத்தப் பைசா போகல. இதையாவது சேத்துப் போட்டிருக்கலாம்.

சரி, காச விடுங்க. படத்துக்கு வருவோம். அது கிட்டத்தட்ட ஆறடி உயரம் சார், ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு தலை. அக்ரிலிக் பெயிண்ட், ஸ்ப்ரே பெயிண்ட், ஆயில் ஸ்டிக்குங்கிற எண்ணெய் வர்ணக் குச்சி மூணும் கலந்து, நீல பேக்ரவுண்டுல கருப்புக் கோடு அழுத்தி அழுத்தி இழுத்திருக்கார். நான் செல்லுல பெருசாக்கிக் காட்டுனேன். மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் ஒரு புள்ள, அவங்க வீட்ல மீன் யாவாரம், "சார் இது வெளமீன் தலையப் பிளந்து வச்ச மாதிரி இருக்கு, செவுளும் எலும்பும் கண்ணும் ஒண்ணா தெரியுதுல்ல அந்த மாதிரி, உள்ளயும் வெளியயும் சேத்து வரஞ்சிருக்காரு"ன்னுச்சு. எனக்கு அப்பிடியே சிலிர்த்துப் போச்சு. மண்டை ஓடா முகமான்னு பிரிச்சுச் சொல்ல முடியாம, பல்லக் கடிச்சுக்கிட்டு நம்மளப் பாக்குற தலை அது, தோலுக்கு மேலயும் உசுர் இருக்கு உள்ள எலும்புலயும் உசுர் இருக்கு. தினம் மீன் அறுக்குறதப் பாக்குற புள்ளைக்கு அது பட்டுன்னு புரிஞ்சிருச்சு.

அந்தப் புள்ள சொன்னது எவ்வளவு சரின்னா, பாஸ்கியா சின்னப் பையனா இருக்கும்போது கார் மோதி ஆஸ்பத்திரியில கெடந்தார், அப்ப அவங்கம்மா படிக்கக் குடுத்தது கிரேஸ் அனாட்டமிங்கிற மருத்துவப் புத்தகம், உடம்பு உறுப்பு எலும்பு எல்லாம் படம் படமா போட்டிருக்கும். அதுல பாத்த எலும்புதான் அவர் ஓவியம் பூரா வருது. சின்ன வயசுலயே அவங்கம்மா மியூசியம் மியூசியமா கூட்டிட்டுப் போயிருக்காங்க. இதெல்லாம் கண்ணுல ஏத்திக்கிட்ட கை போட்ட கோடு சார், அதப் போய் கிறுக்கல்ங்கிறீங்க.

இந்த மாதிரி தலை நம்ம நாட்டுலயே இருக்கு. கோவாக்காரர் எஃப். என். சூசா, 1947ல பம்பாய்ல புரோகிரஸிவ் ஆர்ட்டிஸ்ட்ஸ் குரூப்புங்கிற நவீன ஓவியர்கள் குழுவ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், அவர் வரஞ்ச தலைங்களப் பாருங்க, கண்ணு நெத்தியில ஏறி நிக்கும், பல்லு வரிசையா கோரமா இருக்கும், மொகம் பூரா கோடு குறுக்கும் நெடுக்கும் ஓடும். பெரிய மனுசங்களோட கொடூரத்த அழகான மூஞ்சியில எப்பிடிக் காட்டுறது? அதான் மூஞ்சிய ஒடச்சார். அவ்வளவு தூரம் ஏன், எங்க பக்கம் ஊர் எல்லையில நிக்கிற கருப்பசாமிக்கு எந்த மனுசனுக்கு இருக்குற மாதிரி கண்ணு வச்சிருக்காங்க? அந்த முழி பெருசா இருந்தாத்தான் அது காவல் சாமி. அத யாரும் தப்பா செஞ்சிட்டாங்கன்னு சொல்றதில்ல. ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துக்குள்ள போனா சேதுபதி காலத்துச் சுவரோவியம், 18ம் நூற்றாண்டு, மராட்டியர் சண்டை, வெள்ளக்காரங்க வந்து ராஜாவப் பாக்குறதுன்னு சுவர் கொள்ளாம மொகமா இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கண்ணு எப்பிடி நீண்டு கெடக்குன்னு பாருங்க. போட்டோ மாதிரி இருக்கணும்னு அவங்களும் வரையல. எங்க ஸ்கூல் பசங்கள்ல பாதிப் பேர் பக்கத்துல இருக்குற அதையே பாத்ததில்ல, அதுக்கும் எனக்கு வருத்தம்தான்.

கிராமத்துல பேப்பர்தான் சார் எங்க ஆர்ட் கேலரி. நீங்க ஒரு படத்தக் கேலி பண்ணிப் போட்டா அந்தப் பசங்க வாழ்நாளுக்கும் அந்த மாதிரி ஓவியத்தப் பாத்தா சிரிச்சிட்டுத்தான் போவாங்க. அதனால அந்தத் தலைய இன்னொரு தடவ போடுங்க, கலர்ல, அரைப்பக்கத்துக்கு, வரஞ்ச வருசம் என்ன, எதுல வரஞ்சது, எத்தனை அடின்னு கீழ எழுதுங்க. பக்கத்துலயே ராமலிங்க விலாசத்துச் சுவர்ல இருந்து ஒரு மொகமும் சூசாவோட தலை ஒண்ணும் போட்டா இன்னும் நல்லது. வெலையப் போடாதீங்கன்னு சொல்லல, கடைசி வரியில போடுங்க.

இப்படிக்கு,
ஒரு டிராயிங் மாஸ்டர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்