தண்ணீரையே பார்க்காத படகு

அனுப்புநர்
மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர் அவர்கள்
(நிறுவனத்தின் பெயரை இந்த நகலில் எடுத்துவிட்டேன்.)

நாள்: 11.8.2025

பொருள்: தானாக ஓடும் பொம்மைப் படகு கிட், விலை ரூ.1,149. ஓடாதது பற்றியும், ஓடாததற்கு என் பேத்தியைக் குறை சொன்னது பற்றியும்.

வணக்கமுங்க.

ஜூலை 19ஆம் தேதி உங்கள் தளத்தில் இந்தக் கிட்டுக்குப் பணம் கட்டினேன். 24ஆம் தேதி பெட்டி வந்தது. என் மகள் வயிற்றுப் பேத்திக்காக வாங்கியது. ஏழாவது படிக்கிறாள். ஆடி 18க்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது தானே கட்டிய படகைக் காளிங்கராயன் வாய்க்காலில் விடவேண்டும் என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறுகள் சேரும் கூடுதுறையில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது, வாய்க்கால்தான் தோது என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தொரு வருடமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் என் மேசைக்கு வந்து போனவைதான். சாமான் கெட்டுப்போவது எனக்குப் புதிதில்லை. அது கெட்டுப்போவதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆகவே ஒரு பொம்மை ஓடவில்லை என்பதற்காக மட்டும் இவ்வளவு நீளக் கடிதம் எழுத உட்கார மாட்டேன். உங்கள் ஆள் போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் எழுத வைத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

படகு என்றால் எனக்கு ஞாபகம் வருவது நோம்பிக் கடைத் தகரப் படகு. மாரியாத்தா நோம்பிக்குக் கடை போடுகிறவர்கள் ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி அதை ஓட விட்டிருப்பார்கள். உள்ளே ஒரு சின்னத் திரி விளக்கு, அதற்கு மேலே தட்டையான ஒரு தகரக் குப்பி, குப்பியிலிருந்து பின்பக்கம் தண்ணீருக்குள் நீளும் குழாய். அவ்வளவுதான் இயந்திரம். சூட்டில் தண்ணீர் ஆவியாகி, குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கும். வெளியே போகும்போது தண்ணீர் ஒரே திசையில் பீய்ச்சும், உள்ளே வரும்போது நாலாபக்கமிருந்தும் வரும். அந்த வித்தியாசத்தில் படகு முன்னால் போகும். டுப் டுப் டுப் என்று சத்தம் வேறு. 1891இல் தாமஸ் பியோட் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கடைக்காரர் பேசினில் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார்.

சரி, உங்கள் படகுக்கு வருகிறேன்.

பேத்தி ஆகஸ்ட் 1ஆம் தேதி சாயங்காலம் உட்கார்ந்தாள். 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகைத் துண்டுகளை எண் பார்த்துச் சேர்த்தாள். கூடவே நீங்கள் கொடுத்த வெள்ளைப் பசையைத் தடவி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, ராத்திரி முழுக்கக் காயவிட்டாள். நான் கை வைக்கவில்லை. வைக்கவும் விடவில்லை. 7ஆம் பக்கத்தில் சிவப்பு வயரை மோட்டாரில் புள்ளி வைத்த முனையில் இணைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே இணைத்தாள். கடைக்கு வரும் பையன்கள்கூட இவ்வளவு சுத்தமாக சால்டரிங் வைக்க மாட்டார்கள். பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டியில் வைத்துப் பார்த்தோம். ஆறடி நீளத் தொட்டி. வீட்டுக்கு ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்திருந்தார்கள், அவர்களும் சுற்றி நின்றார்கள். சுவிட்சைப் போட்டாள். படகு பின்னால் வந்தது. இரண்டு சாண் தூரம் பின்னாலேயே வந்து, அவள் நின்ற பக்கத்துச் சுவரில் முட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. கவிழ்ந்த பிறகும் படகைத் தள்ளும் றெக்கை மேலே சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். அவள் படகை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். "அப்பச்சி, நான் எங்கயோ தப்புப் பண்ணீட்டனாட்ட இருக்குது" என்றாள்.

7ஆம் பக்கத்தை நாலு தடவை சரிபார்த்தாள். எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. அப்புறம்தான் உங்கள் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கேட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, "குழந்தைங்க செய்யும்போது இப்படி ஆகறதுதான் சார், அசெம்பிளி தப்புன்னா வாரண்டி வராது" என்று முடித்துவிட்டார். உங்கள் கையேட்டின் கடைசி வரியும் அதேதான்: சரியாகச் செய்தால் கட்டாயம் ஓடும். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆடி 18 அன்று வாய்க்காலுக்குப் போனோம், படகு இல்லாமல்.

அன்று ராத்திரி கடையைத் திறந்து, படகைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். நான் கண்டதை எழுதுகிறேன். உங்கள் வடிவமைப்பாளரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

மளிகைக் கடைத் தராசில் படகு பேட்டரியோடு சேர்த்து 256 கிராம். அடிப்பரப்பு, மூக்குப் பக்கம் கூராவதைக் கழித்தால், சுமார் 160 சதுர சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 160 கிராம் தண்ணீரை ஒதுக்கும். அப்படியானால் 256 கிராம் படகு 1.6 சென்டிமீட்டர் அமிழ்ந்துதான் மிதக்கும். பேத்திக்கு மறுநாள் இதைச் சொன்னேன், அவளே பேப்பரில் போட்டு அதே விடையைக் காட்டினாள். உங்கள் பின்பலகையில், மோட்டாரிலிருந்து றெக்கைக்குப் போகும் தண்டு வெளியே வரும் ஓட்டை அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது தெரியுமா? ஒரு சென்டிமீட்டர். அதாவது தண்ணீர் மட்டத்துக்கு 6 மில்லிமீட்டர் கீழே. அதில் 3 மில்லிமீட்டர் குழாய், குழாய்க்குள் 2 மில்லிமீட்டர் கம்பி, நடுவில் வெறும் சந்து. தண்ணீர் உள்ளே வராமல் என்ன செய்யும்?

கிணற்று மோட்டாரில் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் கசியாமல் இருக்கக் கிளாண்ட் கயிறு சுற்றுவோம். பொம்மைக்கு அவ்வளவு தேவையில்லை. குழாயை நீளமாக எடுத்துச் சாய்த்து வைத்தால் போதும். வெளி வாய் தண்ணீருக்குள் இருக்கட்டும், உள் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், குழாய்க்குள் கொஞ்சம் கிரீஸ் அடைத்தால் காரியம் முடிந்தது. நீங்கள் இரண்டு சென்டிமீட்டர் குழாயைப் படுக்கை வசத்தில் வைத்திருக்கிறீர்கள்.

அதே ஓட்டையால் இன்னொரு கோளாறு. றெக்கையின் விட்டம் 3 சென்டிமீட்டர். அச்சு ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் றெக்கையின் மேல்நுனி 2.5 சென்டிமீட்டருக்குப் போகும். தண்ணீர் 1.6இல் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நுனி வெளியே வந்து காற்றை அள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் காற்று இழுத்தால் மோட்டார் வீணாகச் சுற்றும், தண்ணீர் ஏறாது. எங்கள் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார். இரண்டு சாண் தூரம் போனதே ஆச்சரியம்.

பின்னால் போனது சின்ன விஷயம். நீங்கள் கொடுத்த றெக்கையின் முறுக்கும், 7ஆம் பக்கப் படத்தின்படி மோட்டார் சுற்றும் பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர். வயரை மாற்றிப் போட்டதும் முன்னால் போனது. படத்தைத் திருத்த ஐந்து நிமிடம் ஆகுமா?

கவிழ்ந்ததற்குக் காரணம் பேட்டரி. மாற்றுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கேபின் கூரை மேலே வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். படகிலேயே கனமான சாமானைக் கொண்டுபோய் உச்சியில் உட்கார வைத்தால், றெக்கை ஒரு பக்கம் சுற்றும்போது படகு எதிர்ப்பக்கம் சாயாமல் இருக்குமா? சாய்ந்தது, நிமிர முடியவில்லை, கவிழ்ந்தது. அந்தப் பேட்டரியும் தப்பு. 9 வோல்ட் பெட்டி பேட்டரிக்குள் ஆறு குட்டி செல்கள் வரிசையாக இருக்கின்றன. வோல்ட் இருக்கும், கரண்ட் கொடுக்கத் தெம்பு இருக்காது. ரேடியோவுக்குச் சரி, மோட்டாருக்கு ஆகாது. கிட்டில் வந்தது 3 வோல்ட், மிஞ்சினால் 6 வோல்ட் மோட்டார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், தண்ணீரில் சுற்றும்போது உங்கள் 9 வோல்ட் 5க்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டு பென்சில் செல்லை அடித்தட்டில் நடுவாக வைத்திருந்தால் விலையும் குறைந்திருக்கும், படகும் நிமிர்ந்து நின்றிருக்கும்.

பலகையைப் பற்றி என்ன சொல்ல. எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசை போட்டு ஒட்டி அழுத்தியது. தண்ணீர் பட்டால் ஊறும். வெள்ளைப் பசையும் தண்ணீரில் இளகும். வார்னிஷும் இல்லை, பெயிண்டும் இல்லை, பூசச் சொல்லி ஒரு வரியும் இல்லை. மூன்று தடவைதான் தண்ணீரில் விட்டோம். அடிப்பலகையை வெர்னியரில் அளந்தேன்: 3 மில்லிமீட்டர் இருந்தது 4.2 ஆகியிருக்கிறது. ஓரத்தை நகத்தால் கீறினால் ரொட்டி மாதிரி உதிர்கிறது. இணைத்து அனுப்பியிருக்கிறேன், நீங்களே கீறிப் பாருங்கள்.

இந்தப் படகை வரைந்தவர் அதை ஒரு தடவைகூடத் தண்ணீரில் விட்டுப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் சுற்றிச் சுற்றிப் பார்த்திருப்பார், அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் வாய்க்காலை 13ஆம் நூற்றாண்டில் வெட்டினார்கள். பவானியில் தொடங்கி, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி நொய்யலில் சேர்கிறது. பாம்பு போன வழியில் வெட்டியது என்று கதை சொல்வார்கள். பாம்போ என்னமோ, மேடு பள்ளம் பார்த்துத் தண்ணீர் போகிற வாகில் வெட்டியிருக்கிறார்கள். அதனால் இன்றைக்கும் தண்ணீர் போகிறது. உங்களிடம் ஒரு பக்கெட் இருந்திருந்தால் போதும்.

இன்னொன்று. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பேட்டரியில் ஓடும் பொம்மைக்கு ஐ.எஸ். 15644 என்று தனித் தரமே உண்டு. உங்கள் பெட்டியில் 10 வயது முதல் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, முத்திரையைத் தேடித் தேடிப் பார்த்தும் காணோம். இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

நாங்கள் வேறு படகு செய்துவிட்டோம். அதாவது அவள் செய்தாள். தோட்டத்தில் மிஞ்சிக் கிடந்த நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு வெட்டிச் சூடு பண்ணித் தட்டையாக்கியது மட்டும் என் வேலை. தண்டுக்குச் சொட்டுநீர் மைக்ரோ டியூபைச் சாய்வாக ஒட்டி, உள்ளே கிரீஸ் அடைத்தாள். றெக்கையை முழுக்க மூழ்கும்படி அடிக்குக் கீழே இறக்கினாள். செல் இரண்டும் அடியில். மோட்டாரும் றெக்கையும் உங்களுடையவைதான், அவற்றில் குறை இல்லை. ஆறடித் தொட்டியை ஒன்பது விநாடியில் கடக்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது, சுக்கானைத் திருப்பி வைத்துச் சரி பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வேண்டியது இதுதான். ரூ.1,149ஐத் திருப்பிக் கொடுங்கள். இதே கிட் வாங்கிய மற்றவர்களுக்கும் 7ஆம் பக்கம் தப்பு என்று தெரிவியுங்கள். எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ. 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுவேன், அப்புறம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, விசாரித்து வைத்திருக்கிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, பணத்தை என் கணக்குக்கு அனுப்புங்கள். கடிதத்தை மட்டும் பேத்தி பெயருக்குப் போடுங்கள். நீ சரியாகத்தான் கட்டினாய், எங்கள் படம்தான் தப்பு என்று இரண்டு வரி இருந்தால் போதும். முகவரி பில்லில் இருக்கிறது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், பவானி.

இணைப்பு: பில் நகல். ஊறிப்போன அடிப்பலகை 1. 7ஆம் பக்கம், திருத்தத்தோடு. பேத்தி வரைந்த புதுப் படகின் படம் 1 (பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும், அவளுக்கு வேண்டுமாம்).