கானை ஓடை என்று எழுதினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

காணி வழக்குகள் ஏன் இப்படி இழுபடுகின்றன என்று சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தவணைக்கு மேல் தவணை என்று அவர் எழுதியது சரிதான். ஆனால் வழக்கின் முதல் பத்திரத்திலேயே பிழை இருந்தால், எத்தனை தவணை போனாலும் அந்த வழக்கு கரைசேராது. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஓய்வுபெற்றபோது கிடைத்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் 60 பேர்ச் காணி வாங்கினார். அதன் மேற்கு எல்லை ஒரு கான். தோட்டத்து ஆட்களுக்குக் கான் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாதபடி சரிவில் வெட்டும் சிறு வாய்க்கால், ஒரே எட்டில் தாண்டிவிடலாம். அதற்கு முப்பது அடி கீழே ஓர் ஓடை ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் இருப்பது அடுத்தவர் காணி. அவர் 2014இல் கானைத் தாண்டி மேலே வந்து வேலி போட்டார். பேசிப் பார்த்தும் சரிவராமல் 2018இல் வழக்குப் போட்டோம்.

அப்பா சட்டத்தரணியிடம் தமிழில் 'கான்' என்றுதான் சொன்னார். வழக்கைத் தொடங்கத் தாக்கல் செய்யும் பத்திரம்தான் வழக்குரை. சிங்களத்தில் எழுதிய அந்த வழக்குரையில் கான் 'எல' ஆகிவிட்டது. எல என்றால் ஓடை. கானுக்குச் சிங்களத்தில் 'காணுவ' என்ற சொல்லே இருக்கிறது, எங்கள் காணி உறுதிப் பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கிறது. உறுதியைப் பார்த்து எழுதாமல் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அப்பா கையெழுத்து வைத்தது பிரொக்சியில், அதாவது தனக்காக வழக்காடச் சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், மட்டும். வழக்குரையில் சட்டத்தரணி கையெழுத்திட்டால் போதும் என்பதால், தன் பெயரில் தாக்கலான பத்திரத்தை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் சங்கிலி போட்டு அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்குரையில் சொன்ன எல்லைப்படி பார்த்தால் அடுத்தவர் காணியையும் நாங்கள் கேட்கிறோம்! எதிராளியின் சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"ஒரு சொல்தானே, மாற்றிவிடலாம்" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அது அவ்வளவு லேசான காரியமில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 93ஆம் பிரிவுப்படி, விசாரணைக்கு முந்திய அமர்வுக்கு முதன்முதல் குறித்த திகதிக்கு முன் விண்ணப்பித்தால், வழக்குரையைத் திருத்த அனுமதிக்க நீதிமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. அந்தத் திகதி வந்துவிட்டால் கதவு முக்கால்வாசி மூடிவிடும். திருத்தாவிட்டால் பாரதூரமான, ஈடுசெய்ய முடியாத அநீதி நேரும் என்று நீதிபதி திருப்திப்பட்டுக் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். கேட்பவர் வீணாகத் தாமதித்தவராகவும் இருக்கக்கூடாது. முன்பு விசாரணை நாளை வைத்துக் கணக்கிட்டார்கள். 2017இன் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை இன்னும் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டது. சட்டம் பிழை என்று நான் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் திருத்தம் கேட்டே வழக்கை இழுத்தடித்தவர்களால் வந்த கட்டுப்பாடு அது. எங்கள் விஷயத்தில் அளவைப் படம் வந்த பிறகும் ஏறக்குறைய ஒரு வருடம் யாரும் அசையவில்லை. அப்புறம் கேட்டபோது, தாமதம் என்று சொல்லி விண்ணப்பம் தள்ளுபடியானது.

வேறு வழியில்லாமல், புதிதாக வழக்குப் போட அனுமதி பெற்று அதே கோவையின் 406ஆம் பிரிவின் கீழ் வழக்கை வாபஸ் வாங்கினோம். அதிலும் ஓர் ஆபத்து இருந்தது. முதல் வழக்கு நடந்த காலத்தைச் சட்டம் கழித்துத் தராது, அப்படியொரு வழக்கே போடாததுபோலத்தான் காலக்கெடுவைப் பார்ப்பார்கள். வேலி போட்டவர் 10 வருடம் தொடர்ந்து தன்னுடையதாக ஆண்டுவிட்டால், காணி அவருக்கே ஆகிவிடக்கூடும். நாங்கள் வாபஸ் வாங்கியது 2022இல். இன்னும் இரண்டு வருடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இரண்டாவது வழக்குரையைத் தாக்கல் செய்ய விடுவதற்கு முன் ஒரு பிரதி கேட்டு வாங்கினேன். அப்பாவைக் காணிக்கே கூட்டிக்கொண்டு போய், கான் ஓரமாக நின்று ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொன்னேன். வடக்கு எல்லையில் பலாமரம் என்று வந்ததும் என்னை நிறுத்தினார். "அது விழுந்து மூணு வருஷம் ஆச்சும்மா, இப்ப கல்லுதான் இருக்கு" என்றார். ஒரு பேனாக் கோட்டில் திருத்தியாயிற்று. இலக்கமிட்ட பந்திகளில் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுத வேண்டும் என்று 40ஆம் பிரிவு சொல்கிறது. காணி என்றால் எல்லைகளைச் சொல்லியோ வரைபடம் வைத்தோ காட்ட வேண்டும் என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. அந்த எல்லைகளை அறிந்தவர் காணிக்காரர்தான். அவருக்கு வாசித்துக் காட்டாமல் எப்படித் தாக்கல் செய்கிறார்கள்?

வழக்குரையைத் தமிழில் தாக்கல் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நாடு முழுவதற்கும் தந்திருக்கிறது. தேவையானவர்களுக்கு மொழிபெயர்ப்புச் செய்து கொடுப்பதும் அரசின் கடமை. அப்படியிருந்தும் எங்கள் பக்கத்தில் தமிழ்ச் சட்டத்தரணிகள்கூட சிங்களத்தில் எழுதுவதையே பார்க்கிறேன். வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். சரி, சிங்களத்திலேயே எழுதட்டும். ஆனால் தாக்கல் செய்வதற்கு முன் கட்சிக்காரருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, ஒரு பிரதியையும் கையில் கொடுக்க வேண்டும். மலையகச் சட்டத்தரணிகள் இதை வழக்கமாக்க வேண்டும், சட்ட உதவி ஆணைக்குழுவின் மலையக அலுவலகங்களும் இதைச் செய்ய வேண்டும். அரை மணித்தியால வேலை. எங்களுக்கு அது நான்கு வருடம்.

சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு, வழக்குரையில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும், எந்தத் திகதிக்குள் திருத்தலாம் என்று எளிய தமிழில் உங்கள் பத்திரிகையில் எழுதவைப்பீர்களா? தோட்டத்து லய வீடுகளிலிருந்து வெளியேறி முதன்முதலாகச் சொந்தக் காணி வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப்பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பதுளை மாவட்டம்