கார்டை வாங்குமுன் மதர்போர்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 98 காலத்து விளையாட்டுகளை அக்காலத்துக் கணினியிலேயே ஆட வேண்டும் என்ற ஆர்வத்தில், வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்புக் காயலான் கடைகளிலும் பர்மா பஜாரிலும் பழைய கிராபிக்ஸ் கார்டு (திரையில் காட்சிகளை வரையும் பலகை) தேடி அலையும் இளைஞர்களை இப்போது பார்க்க முடிகிறது. அவர்களில் பலர் முதலில் கேட்பது 'வூடூ' என்ற கார்டு. அந்தப் பெயருக்கு இருக்கும் மவுசு அளவுக்கு அதன் தேவை இல்லை என்பது என் கருத்து.

3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் முதல் வூடூவும் (1996), வூடூ 2-வும் (1998) முப்பரிமாணக் காட்சிகளை மட்டுமே வரைபவை. சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டைப் பொருத்தி, இரண்டையும் வெளியே ஒரு கேபிளால் இணைத்தாக வேண்டும். விளையாட்டு கார்டுடன் பேச அந்நிறுவனம் தந்த 'கிளைடு' இடைமுகத்தை நம்பி எழுதப்பட்ட 'அன்ரியல்' போன்ற விளையாட்டுகளை அன்று தெரிந்தபடியே காண விரும்புவோர் வூடூவையே தேடட்டும். மற்றவர்களுக்கு 2000-ல் வந்த, என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் கார்டு தாராளம்.

அதற்காக, புதியதாக வாங்கினால் எல்லாம் ஓடிவிடும் என்பதும் சரியன்று. ஜிஃபோர்ஸ் 6 வரிசைக்கு விண்டோஸ் 98 டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) உண்டு. ஆனால் பழைய விளையாட்டுகள் சில நம்பியிருந்த 8-பிட் வண்ணப்பட்டியல் (256 நிறங்கள் கொண்ட பட்டியலிலிருந்து நிறம் எடுக்கும்) வசதி அதில் கைவிடப்பட்டதால், அவற்றில் காட்சிகள் பிசகும். அவ்வசதி உள்ள கடைசி வரிசை 2003-ன் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ். அதில் 5200 என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது வெளிவந்த ஆண்டின் புதிய விளையாட்டுகளுக்கு மந்தம்தான், 1999-ன் விளையாட்டுகளுக்கு ஒரு குறையுமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, கார்டு செருகப்படும் முதன்மைப் பலகையான மதர்போர்டு. இன்டெல் 810 சிப்செட் (போர்டின் பகுதிகளை இணைக்கும் சில்லுத் தொகுதி) உள்ள போர்டுகளில், கிராபிக்ஸ் கார்டுக்கென்றே உள்ள ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது. அவற்றுக்கு, பொதுவான பிசிஐ ஸ்லாட்டில் செருகும் கார்டுதான் தேட வேண்டும். ஏஜிபி இருந்தாலும், தொடக்ககாலக் கார்டுகள் 3.3 வோல்ட்டிலும் பின்னர் வந்தவை 1.5 வோல்ட்டிலும் இயங்குவன. கார்டின் அடிப்பகுதியில் உள்ள வெட்டு, மானிட்டர் கேபிள் செருகும் பக்கத்துக்கு அருகில் இருந்தால் அது 3.3 வோல்ட்; தள்ளி இருந்தால் 1.5 வோல்ட். ஆனால் இரண்டு வெட்டுகளும் இருந்தும் 3.3 வோல்ட்டில் மட்டுமே இயங்கும் கார்டுகளும் சந்தையில் வந்தன. அவற்றை இன்டெல் 845 போன்ற, 1.5 வோல்ட்டுக்கு மட்டுமே ஆன போர்டில் செருகினால் போர்டே எரிந்துபோகக்கூடும். எனவே வெட்டை மட்டும் நம்பாமல், கார்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு சரிபார்ப்பது நல்லது. உருளை வடிவில் நிற்கும் கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா (உப்பியிருந்தால் அது பழுது) என்பதைக் கடையிலேயே கண்ணால் பார்த்துவிடலாம்.

காயலான் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கணினி எடைக்கு வரும்போது கார்டைத் தனியே பிடுங்கி ஒரு கூடையிலும் போர்டை இன்னொரு கூடையிலும் போடாமல், ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டையும் சேர்த்தே விற்றால் வாங்குபவருக்குப் பாதிக் கவலை குறையும். உங்களுக்கும் எடை விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21